வெஸ்டர்ன் படங்களில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் நாம் கௌபாய் படங்கள் என்று சொல்லிப் பழகிய வெஸ்டர்ன் படங்களில் பெண்கள் எவ்வாறு காட்டப்பட்டார்கள், அந்தச் சித்திரிப்பு எப்போது, எதனால் மாறியது என்பன குறித்துத் திரை ஆர்வலர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. முடிவுகளைத் தொடாமல் இந்தப் படங்களைப் பேச முடியாது என்பதால், படம் பார்க்கும் முன் கதை தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் அந்தந்தப் பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

வெஸ்டர்ன் என்று எந்தப் படங்களைச் சொல்கிறோம்?

மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், வெள்ளையர் குடியேற்றமும் ரயில் பாதையும் மாட்டுப் பண்ணைகளும் பரவிய நிலப்பரப்பில் நிகழும் கதைகளையே இப்பெயர் குறிக்கிறது. ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' (1972) போன்ற படங்கள் வழியாகவும், சிவகாசியிலிருந்து வரும் டெக்ஸ் வில்லர் சித்திரக்கதைகள் வழியாகவும் தமிழர்களுக்கு இந்த உலகின் தொப்பியும் குதிரையும் துப்பாக்கியும் நன்கு அறிமுகமானவை. இன்னொரு சொல் விளக்கமும் தேவைப்படுகிறது. இப்படங்களில் சலூன் எனப்படுவது மது, சூதாட்டம், பாட்டு எல்லாம் நடக்கும் இடம். நம் ஊரில் அச்சொல் முடிதிருத்தும் கடைக்கு உரியதாகிவிட்டதால் இங்கே மதுக்கூடம் என்றே எழுதுகிறோம்.

தொடக்கக் காலத் திரையில் மேற்கின் பெண்கள் இல்லவே இல்லை என்பது உண்மையா?

உண்மை அன்று. கதை சொல்லும் வெஸ்டர்ன் படங்களின் முன்னோடி எனக் கருதப்படும் 'தி கிரேட் ட்ரெயின் ராபரி' 1903இல்தான் வந்தது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1894இல், நியூ ஜெர்சியிலிருந்த எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் ஆனி ஓக்லி கேமரா முன் நின்று சுட்டுக் காட்டினார். ஓஹியோ மாநிலத்தில் 1860இல் பிறந்த அவர், குடும்பத்தின் பசி தீர்க்க வேட்டையாடி வளர்ந்து, 1885 முதல் 'பஃபலோ பில்' நடத்திய காட்சிக் குழுவில் பெரும்புகழ் பெற்றவர். திரையில் மேற்கின் அடையாளமாக முதன்முதலில் துப்பாக்கி ஏந்தியவர்களில் ஒருவர் பெண் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வந்த நாற்பது ஐம்பது ஆண்டுப் படங்கள் பெண்ணைச் சன்னல் திரைக்குப் பின்னால் நிறுத்தியது ஏன் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகும்.

மௌனப் படக் காலத்திலும் துணிச்சலான பெண்கள் இருந்தார்கள். 1914 முதல் 1917 வரை 119 பகுதிகளாக வெளிவந்த 'தி ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்' தொடரின் நாயகி, ரயில் நிலையத்தில் தந்தி அனுப்பும் பணியில் இருப்பவள். ஓடும் ரயிலில் தாவி ஏறிக் கொள்ளையரைப் பிடிப்பது அவளுக்கு அன்றாட வேலை.

பிறகு ஏன் ஆசிரியை, மதுக்கூடப் பாடகி என்று இரண்டே வகைப் பெண்கள் மிஞ்சினார்கள்?

இதற்குக் காரணங்கள் இரண்டு; ஒன்று கதையின் அமைப்பிலும் மற்றொன்று தணிக்கையிலும் இருக்கிறது. காட்டுநிலம் நாடாக மாறுவதுதான் வெஸ்டர்ன் கதையின் அடிநாதம். அந்த மாற்றத்தின் நல்ல பக்கத்தைக் குறிக்கக் கிழக்கிலிருந்து வந்த, படித்த, தேவாலயம் செல்லும் பெண் தேவைப்பட்டாள். நாயகன் விட்டுவிட வேண்டிய பழைய வாழ்க்கையைக் குறிக்க மதுக்கூடத்துப் பெண் தேவைப்பட்டாள். இருவருமே நாயகனின் மனத்துக்குள் நடக்கும் இழுபறியின் இரு முனைகள் மட்டுமே. ஐம்பதுகளில் சிறந்த வெஸ்டர்ன் படங்களை எடுத்த பட் போட்டிகர், நாயகி நாயகனிடம் எதைத் தூண்டுகிறாள் என்பதே முக்கியம், தன்னளவில் அவளுக்குச் சிறிதும் முக்கியத்துவம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆணின் பார்வைக்காகவே திரையில் பெண் வடிவமைக்கப்படுகிறாள் என்று வாதிட்ட லாரா மல்வி, 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அந்தக் கூற்றைச் சான்றாக எடுத்தாண்டார்.

தணிக்கையின் கதை வேறு. 1930இல் வகுக்கப்பட்டு 1934இன் நடுப்பகுதியிலிருந்து கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்த ஹாலிவுட் தயாரிப்பு நெறிமுறையின்படி, ஒழுக்கம் தவறியதாகக் கருதப்பட்ட பாத்திரம் படம் முடிவதற்குள் தண்டனை பெற வேண்டும் அல்லது திருந்த வேண்டும். இதன் விளைவை 'டெஸ்ட்ரி ரைட்ஸ் அகெய்ன்' (1939) படத்தில் தெளிவாகக் காணலாம். மார்லின் டீட்ரிச் நடித்த பாடகி ஃப்ரெஞ்சி அந்தப் படத்தின் உயிர்நாடி. ஆனாலும் நாயகனை நோக்கி வந்த குண்டைத் தன் உடலில் வாங்கிச் சாகிறாள். 'மை டார்லிங் கிளமென்டைன்' (1946) படத்திலும் மதுக்கூடப் பாடகி சிவாவா குண்டடிபட்டு இறக்க, கிழக்கிலிருந்து வந்த கிளமென்டைன் ஆசிரியையாக ஊரில் தங்குகிறாள். கெட்டவள் எனப்பட்டவளின் மரணத்தின் மேல் நல்லவள் எனப்பட்டவளின் வீடு கட்டப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த இரண்டு வகைகளை அக்காலத்திலேயே எந்தப் படமும் கேள்வி கேட்கவில்லையா?

ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' (1939) கேட்டது, அதுவும் மிக நுட்பமாக. ஒழுக்கத்தைக் காக்கப் புறப்பட்ட ஊர்ப் பெண்களின் சங்கம் டல்லஸ் என்பவளை ஊரைவிட்டுத் துரத்துகிறது. அவள் என்ன தொழில் செய்தாள் என்பதைத் தணிக்கையின் காரணமாகப் படம் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் புரிகிறது. அதே குதிரை வண்டியில் படை அதிகாரியின் கர்ப்பிணி மனைவி லூசியும் பயணம் செய்கிறாள். வழியில் உணவு மேசையில் டல்லஸின் அருகே அமர்ந்திருப்பதைத் தவிர்த்து லூசி வேறு இடத்துக்கு நகர்கிற காட்சியில், நம் ஊர்ப் பந்தியிலும் நடந்திருக்கக்கூடிய அவமதிப்பின் முழுக் கனமும் இருக்கிறது. பின்னர் லூசிக்குப் பிரசவ வலி எடுக்கும்போது இரவெல்லாம் விழித்திருந்து குழந்தையைக் கையில் ஏந்துபவள் டல்லஸ்தான். பயண முடிவில் லூசி நன்றி சொல்லத் தொடங்கி, வாக்கியத்தை முடிக்க முடியாமல் நிறுத்திவிடுகிறாள். ஊருக்குள் போனால் இருவரும் மீண்டும் இருவேறு உலகத்தவர் என்பது இருவருக்குமே தெரியும். டல்லஸ் சாகவில்லை, தண்டிக்கப்படவும் இல்லை, தான் விரும்பியவனோடு எல்லை தாண்டிச் செல்கிறாள். இப்படத்தில் நடித்தவர்களின் பெயர்ப் பட்டியலில் நாயகனாக நடித்த ஜான் வெயினுக்கு மேலே, முதலாவதாக இடம்பெற்றது டல்லஸாக நடித்த கிளேர் ட்ரெவரின் பெயர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

வரலாற்றில் மேற்கின் பெண்கள் உண்மையில் எப்படி வாழ்ந்தார்கள்?

திரையில் கண்டதைவிடப் பல மடங்கு விரிந்த வாழ்க்கை அவர்களுடையது. 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம், 21 வயது நிரம்பிய அல்லது குடும்பத் தலைமை ஏற்ற குடிமக்களுக்கும் குடியுரிமை பெற விரும்பியவர்களுக்கும் 160 ஏக்கர் நிலம் கோரும் உரிமையைத் தந்தது. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் அந்த உரிமையைப் பயன்படுத்தித் தம் பெயரிலேயே நிலம் பெற்றார்கள். வயோமிங் பகுதி 1869இலேயே பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. அடுத்த ஆண்டு எஸ்தர் ஹோபார்ட் மோரிஸ் என்ற பெண் அங்கே அமைதி நீதிபதியாகப் பணியேற்றார். அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண் மேரி ஃபீல்ட்ஸ், அறுபது வயதைக் கடந்த பின் 1895இல் மொன்டானாவில் அஞ்சல் மூட்டைகளைக் குதிரை வண்டியில் கொண்டு செல்லும் ஒப்பந்தத்தைப் பெற்று ஓட்டினார். 'தி ஹார்டர் தே ஃபால்' (2021) படம் அவருடைய பெயரை எடுத்துக்கொண்டு, இளமையும் கவர்ச்சியும் மிக்க மதுக்கூட முதலாளியாக அவரை மாற்றிவிட்டது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. கறுப்பினப் பாத்திரங்களை நடுவில் நிறுத்திய அந்தப் படத்துக்கும், முதிய பெண்ணொருத்தியின் உழைப்பு நாயகத்தன்மைக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

உழைப்பைக் காட்ட முயன்ற பழைய படம் ஒன்று உண்டு. வில்லியம் வெல்மன் இயக்கிய 'வெஸ்ட்வர்ட் த விமன்' (1951), மணமகள்களாகச் சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் புறப்படும் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் கதை. கோவேறு கழுதைகளைப் பூட்டவும் சுடவும் கற்று, பாலைவனத்தைத் தாண்டி வரும் அவர்கள், முடிவில் ஆண்கள் தங்களைப் பொறுக்கியெடுக்கக் காத்திருப்பதில்லை. தாங்களே தங்கள் துணைவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆனி ஓக்லியைப் பற்றிய படங்கள் அவரை உள்ளபடி காட்டினவா?

வருத்தத்துக்குரிய விதத்தில் மாற்றிக் காட்டின. உண்மை வாழ்க்கையில் ஆனி, ஃபிராங்க் பட்லர் என்ற பெயர்பெற்ற குறிவீரரைப் போட்டியில் தோற்கடித்தார். பட்லர் அவரை மணந்துகொண்டது மட்டுமன்றி, காலப்போக்கில் தாம் மேடையிலிருந்து பின்வாங்கி மனைவியின் நிகழ்ச்சிகளை நிர்வகிப்பவராகவும் ஆனார். 19ஆம் நூற்றாண்டு ஆண் ஒருவர் இப்படி நடந்துகொண்டதே அந்தக் கதையின் அரிய பகுதி. ஆனால் 1946இல் பிராட்வே மேடையேறி 1950இல் படமான 'ஆனி கெட் யுவர் கன்' இசைநாடகத்தில், காதலனின் மனம் கோணக் கூடாது என்பதற்காக ஆனி வேண்டுமென்றே போட்டியில் தோற்கிறாள். வரலாற்றில் வென்ற பெண்ணும் அதை ஏற்றுக்கொண்ட ஆணும் இருக்க, திரைக்கதை இருவரையுமே சிறியவர்களாக்கிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் போர் முடிந்ததும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஆண்டுகளில் இந்தக் கதை இவ்வாறு திருத்தப்பட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

'ஹை நூன்' படத்தின் நாயகி உண்மையிலேயே முன்னேற்றமா?

ஃபிரெட் ஜின்னமன் இயக்கிய 'ஹை நூன்' (1952) படத்தில், பழிவாங்க வரும் நால்வரை எதிர்கொள்ளப் போகும் மார்ஷலின் (ஊரின் காவல் அதிகாரியின்) புதுமனைவி ஏமி, வன்முறையை ஏற்காத குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவள். தந்தையும் அண்ணனும் துப்பாக்கிக்குப் பலியானதைக் கண்டதால் அவள் அந்த நம்பிக்கைக்கு வந்தாள் என்று படம் சொல்கிறது; அவளுடைய கொள்கைக்கு அவளுடைய வாழ்க்கையிலிருந்தே காரணம் தரப்படுவது அக்காலத்தில் அரிது. ஆனால் முடிவில் அவள் ரயிலிலிருந்து இறங்கி ஓடிவந்து, கணவனைக் காக்க ஒருவனைப் பின்னாலிருந்து சுட வேண்டியிருக்கிறது. கொள்கையைக் கைவிட்டால்தான் மனைவியாகத் தேர்ச்சி பெறுவாள் என்ற கணக்கு எனக்கு உடன்பாடில்லை. எனினும் ஊரில் உள்ள ஆண்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டபோது வந்தவள் அவள் ஒருத்திதான் என்பதையும் மறுக்க முடியாது.

இந்தப் படத்தின் அரிய பெண் ஏமி அல்லள், ஹெலன் ராமிரெஸ்தான். மெக்சிக நடிகை கேட்டி ஹுராடோ நடித்த இந்தப் பாத்திரம், ஊர்க் கடையில் தன் பெயர் வெளியில் தெரியாமல் பங்கு வைத்திருக்கும் வணிகர். மெக்சிகப் பெண் என்பதால் தன்னைச் சமமாக நடத்தாத ஊரில், பணத்தையும் மானத்தையும் தானே காத்துக்கொண்டவள். ஊர் எந்தத் திசையில் சரிகிறது என்பதை எல்லோருக்கும் முன்பே கணித்து, கடையின் பங்கை விற்றுவிட்டுக் கிளம்புகிறாள். ஏமியும் ஹெலனும் விடுதி அறையில் பேசிக்கொள்ளும் காட்சி பழைய இலக்கணப்படி இரு போட்டிப் பெண்களின் மோதலாக இருந்திருக்க வேண்டும். மாறாக ஒருவரையொருவர் புரிந்துகொண்டு ஒரே வண்டியில் ரயில் நிலையத்துக்குப் போகிறார்கள். ஹுராடோவுக்கு இந்தப் பாத்திரத்துக்காகக் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. என்றாலும் ரயில் ஏறிப் போய்விடும் ஹெலனுக்கு அதன்பின் என்ன ஆயிற்று என்று ஹாலிவுட் கேட்கவில்லை.

'ஜானி கிட்டார்' ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஏனெனில் அதில் மோதும் இருவருமே பெண்கள். பெயர் மட்டுமே ஆணுடையது. நிக்கலஸ் ரே இயக்கிய இந்த 1954ஆம் ஆண்டுப் படத்தில் ஜோன் கிராஃபோர்ட் நடித்த வியன்னா, ரயில் பாதை வரப்போகும் இடத்தை முன்கூட்டியே அறிந்து அங்கே மதுக்கூடம் கட்டிக் காத்திருப்பவள். மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் நடித்த எம்மா, ரயில் வந்தால் குடியேறிகள் வருவார்கள், மேய்ச்சல் நிலம் போய்விடும் என்று அஞ்சும் பண்ணை முதலாளிகளைத் தூண்டிவிடுபவள். நிலம், பணம், எதிர்காலம் ஆகியவற்றுக்கான இந்தச் சண்டை மற்றப் படங்களில் இரண்டு ஆண்களுக்கிடையே நடக்கும். இங்கே ஆண்கள் கைகட்டி வேடிக்கை பார்க்க, இரு பெண்களும் நேருக்கு நேர் சுட்டுக்கொள்கிறார்கள்.

கொலைகாரக் கும்பல் உள்ளே நுழையும்போது வியன்னா வெள்ளை நிற நீண்ட ஆடையில் அமைதியாகப் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆண் எத்தனை பிழை செய்தாலும் ஆணாகவே மதிக்கப்படுகிறான், பெண் ஒரே ஒருமுறை இடறினால் அவள் பெயர் கெட்டுவிடுகிறது என்ற பொருளில் அவள் பேசும் வசனம், இரண்டு வகைப் பெண்கள் என்ற பழைய ஏற்பாட்டை நேரடியாகக் குற்றம்சாட்டுகிறது. ஆசை அடக்கப்பட்டதால் வெறி பிடித்தவளாக எம்மாவைச் சுருக்கிவிட்டது இப்படத்தின் குறை. அமெரிக்காவில் பலர் இதை ஏளனம் செய்த காலத்தில் பிரெஞ்சு விமர்சகர்கள் கொண்டாடினார்கள். 2008இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது.

இதே காலத்தில் பார்பரா ஸ்டான்விக் 'தி ஃப்யூரிஸ்' (1950), 'ஃபார்ட்டி கன்ஸ்' (1957) போன்ற படங்களில் பண்ணையையும் படையையும் ஆளும் பெண்ணாகத் தொடர்ந்து நடித்தார். பின்னதில் குதிரையால் தரையில் இழுத்துச் செல்லப்படும் ஆபத்தான காட்சியில், ஐம்பது வயதை நெருங்கிய அவரே நடித்தார்.

பழங்குடிப் பெண்களின் சித்திரிப்பு மாறியதா?

மாற்றம் மிகத் தாமதமாக வந்த இடம் இதுதான். அப்பாச்சி மக்களைப் பரிவோடு காட்டியதாகப் பாராட்டப்பட்ட 'ப்ரோக்கன் ஆரோ' (1950) படத்தில்கூட நாயகனை மணக்கும் அப்பாச்சிப் பெண்ணாக வெள்ளையின நடிகை டெப்ரா பேஜெட்டே நடித்தார். அந்தப் பாத்திரமும் சுடப்பட்டு இறக்கிறது. வெள்ளையனை மணந்த பழங்குடிப் பெண் படம் முடியும்வரை உயிரோடு இருப்பதை அக்காலத் திரைக்கதைகள் அரிதாகவே அனுமதித்தன.

'தி சர்ச்சர்ஸ்' (1956) இன்னும் சிக்கலானது. கொமாஞ்சி மக்களால் கடத்தப்பட்ட டெபியை மீட்கப் பல ஆண்டுகள் அலையும், அவள் தந்தையின் உடன்பிறந்தவனான ஈத்தன், அவள் அவர்களில் ஒருத்தியாகிவிட்டாள் என்பதால் அவளைக் கொல்லவே நினைக்கிறான். ஆணின் இனவெறியை இவ்வளவு கூர்மையாகத் திறந்து காட்டிய அதே படம், 'லுக்' என்று அழைக்கப்படும் கொமாஞ்சிப் பெண்ணைச் சரிவில் உதைத்து உருட்டிவிடுவதைச் சிரிப்புக் காட்சியாக வைத்திருக்கிறது. இந்தக் கதைக்குப் பின்னால் உண்மையான பெண் ஒருவர் இருக்கிறார். சிந்தியா ஆன் பார்க்கர் 1836இல் டெக்சஸில் சிறுமியாகக் கடத்தப்பட்டு, கொமாஞ்சித் தலைவர் ஒருவரை மணந்து மூன்று பிள்ளைகளைப் பெற்று, 24 ஆண்டுகளுக்குப் பின் 1860இல் 'மீட்கப்பட்டார்'. தம் மகன்களைத் தேடித் திரும்பி ஓட முயன்றும் முடியாமல், வெள்ளையர் நடுவில் ஒட்டாமலேயே வாழ்ந்து இறந்தார். படத்தில் டெபி வீடு திரும்புவதோடு கதை அமைதியடைகிறது. சிந்தியாவின் துயரமோ வீடு திரும்பியபோதுதான் தொடங்கியது. அவர் பார்வையிலிருந்து அந்தக் கதையைப் புகழ்பெற்ற வெஸ்டர்ன் எதுவும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' (1990) லகோட்டா பழங்குடி மக்களை அவர்கள் மொழியிலேயே பேசவைத்தது. ஆயினும் நாயகன் காதலிப்பது லகோட்டா மக்களிடம் வளர்ந்த வெள்ளைப் பெண்ணை. ஓசேஜ் மக்களின் எண்ணெய்ச் செல்வத்துக்காக நடந்த கொலைகளைப் பேசும் 'கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்' (2023) படத்தில் ஓசேஜ் பெண் மோலியாக நடித்த லில்லி கிளாட்ஸ்டோன், சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்கு முன்மொழியப்பட்ட முதல் அமெரிக்கப் பழங்குடிப் பெண் ஆனார். அவர் வாய்திறக்காமல் கணவனைப் பார்க்கும் பார்வைகளே படத்தைத் தாங்குகின்றன. என்றாலும் கதை பெரும்பாலும் அவளுக்கு நஞ்சு கொடுக்கும் அந்தக் கணவனின் பின்னாலேயே செல்கிறது.

இத்தாலிய வெஸ்டர்ன் படங்கள் பெண்களுக்கு எதுவும் தந்தனவா?

பெரும்பாலானவை தரவில்லை. செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) மட்டும் விலக்கு. நியூ ஆர்லியன்சில் பாலியல் தொழிலில் இருந்த ஜில் (கிளாடியா கார்டினாலே), புதுவாழ்வு தேடி வந்து இறங்கும்போது கணவனும் குழந்தைகளும் பிணங்களாகக் கிடக்கிறார்கள். ரயிலுக்குத் தேவையான தண்ணீர் உள்ள நிலம் அவளுக்கு மிஞ்சுகிறது. துப்பாக்கி வீரர்கள் ஒவ்வொருவராகச் சாகவோ விலகவோ செய்ய, அவள் நிலைத்து நின்று ரயில் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதோடு படம் முடிகிறது. அந்தத் தொழிலாளர்களில் எவனாவது பின்னால் தட்டினால் பொருட்படுத்தாதே என்று அவளுக்கு அறிவுரை சொல்லும் வசனமும் அதே முடிவில்தான் இருக்கிறது. அதைக் கேட்காததுபோல் கடந்துசெல்ல இன்றைய பார்வையாளரால் முடியாது.

பெண்ணின் கையில் துப்பாக்கி வந்தாலே அது முன்னேற்றம் ஆகாதா?

அப்படி எண்ணித்தான் 'ஹேனி கால்டர்' (1971) முதல் 'தி குயிக் அண்ட் த டெட்' (1995) வரை பல படங்கள் எடுக்கப்பட்டன. வன்கொடுமைக்கு ஆளான பெண் அல்லது தந்தையை இழந்த பெண் சுடக் கற்றுக்கொண்டு பழிவாங்குகிறாள். நாயகனின் இடத்தில் நாயகியை வைத்த இந்தப் படங்கள் அந்த இடத்தைச் சற்றும் மாற்றவில்லை. முதல் வகைப் படங்களில் அவள் படும் கொடுமையையே காட்சிப் பொருளாகவும் ஆக்கின. யார் சுடுகிறார்கள் என்பதைவிட, யாருடைய இழப்பு இழப்பாகக் கருதப்படுகிறது, யார் இருக்கும் இடத்திலிருந்து கேமரா பார்க்கிறது என்பதே என் அளவுகோல்.

அந்த வகையில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'அன்ஃபர்கிவன்' (1992) பல படிகள் முன்னால் நிற்கிறது. வயோமிங்கில் பாலியல் தொழில் செய்யும் டெலைலாவின் முகத்தை வாடிக்கையாளன் ஒருவன் கத்தியால் கீறிவிடுகிறான். ஷெரீப் விதிக்கும் தண்டனை, குற்றவாளிகள் மதுக்கூட முதலாளிக்குக் குதிரைகள் தர வேண்டும் என்பது. அதாவது முதலாளியின் சரக்கு சேதமானதற்கு இழப்பீடு. பெண்கள் வாக்குரிமை பெற்றுவிட்ட வயோமிங்கில், பத்தாண்டுகளுக்கும் மேலான பின் நடப்பதாக அமைந்த கதை இது என்பதை எண்ணும்போது உறைக்கிறது. மற்றப் பெண்கள் சேமித்த காசையெல்லாம் திரட்டி ஆயிரம் டாலர் பரிசு அறிவிக்கிறார்கள். முழுக் கதையும் அந்தக் கோபத்திலிருந்தே புறப்படுகிறது. கீறியவனின் நண்பன் மனம் வருந்தி டெலைலாவுக்கென்றே நல்ல குதிரையொன்றைக் கொண்டுவரும்போது, அவள் என்ன நினைக்கிறாள் என்பதை எவரும் கேட்பதில்லை. தோழிகள் சேற்றை வாரி எறிந்து அவனை விரட்டுகிறார்கள். அவளுடைய மௌனத்தைப் படம் கவனித்துக் காட்டுவதே அதன் நேர்மை.

'ட்ரூ கிரிட்' இருமுறை எடுக்கப்பட்டதே, என்ன வேறுபாடு?

தந்தையைக் கொன்றவனைத் தேடிப் புறப்படும் 14 வயது மேட்டி ராஸ், முதுமையில் தானே சொல்லும் கதையாகவே சார்லஸ் போர்ட்டிஸ் 1968இல் அந்த நாவலை எழுதினார். 1969ஆம் ஆண்டுப் படம் ஜான் வெயினின் படமாகிவிட்டது. அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அதில் மேட்டி பாம்புக் கடியிலிருந்து தேறி, கையில் கட்டோடு நிற்கிறாள். கோயன் சகோதரர்களின் 2010ஆம் ஆண்டுப் படம் கதைசொல்லும் குரலை மேட்டிக்கே திருப்பித் தந்தது. பாம்புக் கடியால் அவள் கை வெட்டப்பட்டதையும், மணமாகாமல் கண்டிப்பான முதிய பெண்ணாக அவள் வாழ்ந்ததையும் மறைக்கவில்லை. ஆயினும் அப்பாத்திரத்தில் நடித்த ஹெய்லி ஸ்டைன்ஃபெல்டின் பெயர் ஆஸ்கரில் துணை நடிகை பிரிவில்தான் முன்மொழியப்பட்டது. படத்தின் தொடக்கம் முதல் முடிவுவரை கதையைச் சுமந்தவரைத் துணை என்று எப்படி அழைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பெண் இயக்குநர்கள் வந்தபின் என்ன மாறியது?

பார்க்கும் இடம் மாறியது. மேகி கிரீன்வால்டின் 'தி பாலட் ஆஃப் லிட்டில் ஜோ' (1993), ஆணாக உடையணிந்து ஐடஹோவில் வாழ்ந்து இறந்த பின்னரே பெண் என்று ஊரார் அறிந்த ஜோ மோனகனின் வாழ்க்கையைத் தழுவியது. நாயகி பாதுகாப்புக்காகத் தன் முகத்தைத் தானே கீறிக்கொள்ளும் காட்சி, ஆண் வேடம் விளையாட்டு அன்று என்பதை உணர்த்துகிறது. ஜேன் காம்பியன் 'தி பவர் ஆஃப் த டாக்' (2021) படத்துக்காகச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் பெற்றார். 1925இன் மொன்டானாப் பண்ணையில், ரோஸ் பியானோ பழகும்போதெல்லாம் மாடியிலிருந்து மைத்துனன் அதே மெட்டைப் பாஞ்சோ என்ற நரம்பு இசைக்கருவியில் இன்னும் திறமையாக வாசித்துக் காட்டுகிறான். குண்டு ஒன்றுகூட வெடிக்காமல் அந்தப் பெண் நொறுங்குவதை நாம் பார்க்கிறோம்.

எனக்கு மிக நெருக்கமானது கெல்லி ரைகார்ட்டின் 'மீக்ஸ் கட்ஆஃப்' (2010). 1845இல், குடியேறிகள் மேற்கு நோக்கிச் சென்ற ஓரிகன் பாதையில் மீக் என்ற வழிகாட்டியை நம்பி வழிதவறிய குடும்பங்களின் கதை அது. எந்தத் திசையில் போவது என்று ஆண்கள் தொலைவில் கூடிப் பேசுகிறார்கள். கேமராவோ பெண்களோடு நிற்கிறது. அவர்கள் பேச்சின் துணுக்குகள் காற்றில் மிதந்து வருகின்றனவே தவிர நமக்கும் சரியாகக் கேட்பதில்லை. தண்ணீர் தீர்ந்தால் சாகப் போவது எல்லோரும். ஆலோசனையில் இடம் சிலருக்கு மட்டும். படச்சட்டமும் அகலத் திரையில் இல்லாமல் பழைய சதுர வடிவுக்கு நெருக்கமாக இருக்கிறது. முகத்தின் இருபுறமும் மறைக்கும் துணித்தொப்பி அணிந்த பெண்ணுக்கு உலகம் அவ்வளவுதான் தெரியும். கதையின் நெருக்கடியில் அந்தப் பெண்களில் ஒருத்தியான எமிலி துப்பாக்கியை எடுப்பதும் உண்டு. ஆனால் அது வெற்றிக் கணமாக எழவில்லை. நீண்ட துப்பாக்கியில் மருந்து இட்டுக் கெட்டித்து நிரப்பும் வேலை எத்தனை மெதுவானது என்பதை முன்பே காட்டிவிட்டதால், அவள் குறிபார்க்கும் அந்தக் கணத்தில் நமக்கும் மூச்சு அடைக்கிறது.

ஆண்கள் எடுத்த அண்மைப் படங்களில் குறிப்பிடத்தக்கது உண்டா?

டாமி லீ ஜோன்ஸின் 'தி ஹோம்ஸ்மேன்' (2014) உண்டு. நெப்ராஸ்கா நிலத்தின் குளிரிலும் குழந்தைகளின் சாவிலும் மனம் சிதைந்த மூன்று பெண்களை, தனியாக உழவு செய்து வாழும் மேரி பீ கடி கிழக்கு நோக்கி அழைத்துச் செல்கிறாள். வெஸ்டர்ன் என்றாலே மேற்கு நோக்கிய பயணம். இதில் வண்டி எதிர்த்திசையில் போகிறது. குடியேற்றத்தின் விலையைப் பெண்களின் மனங்கள் கொடுத்தன என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன படம் இதற்கு முன் நான் கண்டதில்லை. மேரியின் கதை பாதியில் முறிந்து, ஆணின் கதையாக மீதி நடப்பது பலருக்கு மனக்குறை; எனக்கும்தான்.

எந்தப் படத்திலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

'ஸ்டேஜ்கோச்', 'ஹை நூன்', 'ஜானி கிட்டார்' ஆகிய மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள்; பதினைந்து ஆண்டுகளில் ஏற்பட்ட மாற்றம் விளக்கமின்றியே புரியும். பிறகு 'அன்ஃபர்கிவன்', அதன்பின் 'மீக்ஸ் கட்ஆஃப்'. கடைசிப் படத்தை இரவில், வேறு ஓசை இல்லாதபோது பார்ப்பது நல்லது. அதன் தொடக்கத்தில் பேச்சே இல்லை. ஆற்றைக் கடக்கும் பெண்கள் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கும் பொருள்களையும், இடுப்பளவு நீரில் மிதக்கும் அவர்களின் பாவாடைகளையும் மட்டுமே கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது.